கடைசிப் பெட்டிதான் நல்ல பெட்டி: மேட்டுப்பாளையம்–குன்னூர் நீராவி ரயில், ஒரு மதிப்புரை

நீலகிரி மலை ரயிலைப் பற்றி எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் தேயிலைத் தோட்டத்தையும் மூடுபனியையும் பக்கம் பக்கமாக வர்ணித்துவிட்டு, பின்னாலிருந்து தள்ளும் எஞ்சினுக்கு ஒரே ஒரு வரி ஒதுக்குகிறார்கள். இந்த மதிப்புரை அந்த எஞ்சினுக்காகவே போகிறவர்களுக்கு. காட்சி மட்டும் போதுமென்றால் பஸ்ஸில் ஏறுங்கள், பாதி நேரத்தில் ஊட்டி வந்துவிடும்.

மீட்டர் கேஜ், அதாவது இரு தண்டவாளங்களுக்கும் நடுவே ஒரு மீட்டர் அகலமே உள்ள பாதை, அதன் பிரியர்கள் என்று தமிழ்நாட்டில் ஒரு சிறு கூட்டம் உண்டு. 1992-ல் எல்லாப் பாதைகளையும் அகலப்பாதையாக்கும் திட்டம் தொடங்கியதிலிருந்து அவர்களுக்குப் போக்கிடம் சுருங்கிக்கொண்டே வந்தது. 1931 முதல் ஓடிய கடற்கரை–தாம்பரம் மீட்டர் கேஜ் மின்சார ரயில் 2004 ஜூலையோடு நின்றது. 2010 செப்டம்பரில் செங்கோட்டை–புனலூர் பாதையை மூடினார்கள். அதே ஆண்டின் கடைசி நாளோடு மதுரை–போடி. இரண்டுமே பிறகு அகலப்பாதையாகத் திரும்பி வந்தன, ஊர்க்காரர்களுக்கு அது நல்லதுதான். ஆனால் பார்ப்பதற்குப் பாதையே இல்லாதபோது இந்தக் கிறுக்கு புதிதாக யாருக்குப் பிடிக்கும்? இன்று தமிழ்நாட்டில் மீட்டர் கேஜில் பயணிகள் வண்டி ஓடுவது மேட்டுப்பாளையம்–உதகை 46 கிலோமீட்டரில் மட்டும்தான். எஞ்சியிருக்கும், எஞ்சின் எண் குறிக்கும் நோட்டுப் புத்தகக்காரர்கள், கேமராக்காரர்கள், ஒலிப்பதிவுக்காரர்கள் எல்லாரும் கடைசியில் வந்து சேரும் இடம் இது. அவர்கள் கண்ணால் பார்த்தால் இந்தச் சேவை எப்படி?

முதலில் இயந்திரம். குன்னூர் வரையிலான பாதை 1899-ல் திறக்கப்பட்டது, உதகை வரை 1908-ல் நீண்டது. கல்லாறிலிருந்து குன்னூர் வரை ஏற்றம் கடுமை, சுமார் 12 அடி போவதற்குள் ஓரடி ஏறும். அந்தச் சரிவில் வெறும் சக்கரம் வழுக்கிவிடும் என்பதால் தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரண்டு எஃகுப் பட்டைகள் கிடக்கின்றன. ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளரின் ஏற்பாடு. இரண்டு பட்டைகளுக்கும் இடையே 44 மில்லிமீட்டர் இடைவெளி, தண்டவாள மட்டத்துக்கு மேலே 65 மில்லிமீட்டர் உயரம். ஒரு பட்டையின் பல்லுக்கு நேரே அடுத்த பட்டையின் பள்ளம் வரும்படி மாற்றிப் போட்டிருக்கிறார்கள். எஞ்சினின் ஒரு பல்சக்கரம் பிடியை விடும் நொடியில் இன்னொன்று பிடித்திருக்கும், குலுக்கல் இல்லாமல் ஏறுவது அதனால்தான்.

இந்த மலையில் தள்ளும் நீராவி எஞ்சின் எக்ஸ் என்ற வகை, அதற்கு நான்கு சிலிண்டர். கீழே உள்ள இரண்டும் எப்போதும் சக்கரங்களை ஓட்டும். மேலே உள்ள இரண்டும் பல்சக்கரத்துக்கு, மலைப் பகுதியில் மட்டும் வேலை. கீழ்ச் சிலிண்டரில் வேலை முடித்த நீராவி வீணாகாமல் மேல் சிலிண்டருக்குப் போய் இன்னொரு முறை உழைத்துவிட்டுத்தான் புகைபோக்கிக்கு வரும். இதைத் தெரிந்துகொண்டு கேட்டால் கல்லாறுக்கு முன்னும் பின்னும் இரண்டு வேறு எஞ்சின் ஓடுவது போலிருக்கும். சமவெளியில் சக்கரத்தின் ஒரு சுற்றுக்குப் புகைபோக்கியில் நிதானமான, கனமான நான்கு அடிச் சத்தம். பல் பிடித்தவுடன் அடி வேகமாகவும் மென்மையாகவும் ஆகிவிடும், மேல் தண்டுகள் கீழ்த் தண்டுகளைவிட வேகமாகச் சுழல்வதால். முழுப் பயணத்திலும் தவறவிடக் கூடாத ஒரு நிமிடம் இது. கல்லாறு தாண்டி வண்டி நடைவேகத்துக்கு இறங்கி, பல்லைப் பிடித்து, மறுபடி மூச்சு வாங்கும் இடம். செல்பேசியை அப்போது எடுத்தால் தாமதம், கல்லாறில் நிற்கும்போதே தயாராக இருங்கள்.

ஆகவே உட்காரும் இடம். மேலே ஏறும்போது எஞ்சின் எப்போதும் கீழ்ப்பக்கம், அதாவது வண்டியின் வாலில் இருந்து தள்ளும். முதல் வகுப்பு வழக்கமாக முன்னால், எஞ்சினிலிருந்து ஆகத் தொலைவில். முன்னே விரியும் பாதையைப் பார்க்க அது அருமையான இடம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் ஏறக்குறைய இரட்டிப்புக் கட்டணம் கொடுத்து எஞ்சினை விட்டு விலகி உட்காருவது ரயில் பிரியருக்கு நஷ்டக் கணக்கு. இரண்டாம் வகுப்பில், எஞ்சினை ஒட்டிய கடைசிப் பெட்டி கிடைத்தால் விடாதீர்கள். அங்கே டிக்கெட் விழுந்த குடும்பங்கள் புகை வருகிறது என்று முன்பெட்டிக்கு இடம் மாற்றக் கேட்டுக்கொண்டிருப்பார்கள், மேட்டுப்பாளையம் பிளாட்பாரத்திலேயே பேசி முடித்துவிடலாம். வண்டி கிளம்பிய பிறகு முடியாது. பெட்டிக்குப் பெட்டி உள்வழி கிடையாது, கதவுகள் எல்லாம் பக்கவாட்டில்தான். கழிப்பறையும் கிடையாது, ஹில்குரோவ் வரும் வரை பொறுக்க வேண்டும்.

மேட்டுப்பாளையத்தில் காலை 7.10-க்குக் கிளம்பி குன்னூருக்கு 10.30 என்பது அட்டவணை. 28 கிலோமீட்டருக்கு மூன்று மணி இருபது நிமிடம். பல்பாதையில் வேக வரம்பு மணிக்கு 13 கிலோமீட்டர்தான், மீதி நேரத்தைத் தண்ணீர் தின்றுவிடுகிறது. டேங்க் சிறியது, ஏற்றமோ ராட்சச ஏற்றம். கல்லாறு, அடர்லி, ஹில்குரோவ், ரன்னிமேடு என்று குடித்துக்கொண்டே போகும். இந்த நிறுத்தங்களைத் தாமதம் என்று எண்ணாதீர்கள், எஞ்சினுக்குப் பக்கத்தில் நிற்கக் கிடைக்கும் நேரம் இதுதான். அதிக நேரம் கிடைப்பது ஹில்குரோவில். இறங்கியதும் டீக்கடைப் பக்கம் போகாமல் நேரே வண்டியின் வாலுக்குப் போங்கள். எண்ணெய்க் கேனோடு ஆட்கள் இணைப்புகளைத் தொட்டுப் பார்ப்பது, மேல் தண்டு கீழ்த் தண்டு இரண்டும் நின்ற நிலை, எல்லாம் கைக்கெட்டும் தூரம். கையில் தின்பண்டம் இருந்தால் குரங்குகள் கேமராப் பையோடு சேர்த்துப் பறித்துவிடும். அது தனிக் கதை.

ஒவ்வொரு பெட்டியின் முன்மேடையிலும் ஒரு பிரேக்ஸ்மேன் கொடியோடு நிற்பார். சக்கரத்துக்கு ஒரு பிரேக், பல்சக்கரத்துக்கு ஒரு பிரேக், இரண்டும் அவர் பொறுப்பு. வாலில் இருக்கும் லோகோ பைலட்டுக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாது, கொடி கைமாறிக் கைமாறித்தான் அவருக்குச் செய்தி போகும். படம் எடுக்கிறவர்கள் அந்தக் கொடியை மறைத்துக்கொண்டு தலையை நீட்டக் கூடாது என்பதற்கு மரியாதையைத் தாண்டிய காரணம் அது.

ஒலிப்பதிவுக்கு நல்ல செல்பேசியே போதும், ஆனால் மூன்று விஷயம் கெடுத்துவிடும். தானாகவே ஒலியளவை ஏற்றி இறக்கும் வசதியை அணைக்காவிட்டால் ஒரு விசிலுக்குப் பிறகு ஐந்து நொடிக்கு எஞ்சின் அடியே கேட்காது. அளவைக் கையால் வைத்து, சாதாரண ஓட்டத்தில் பதிவுச் செயலியின் அளவுகாட்டியில் (0 என்பது அதன் எல்லை) உச்சம் கழித்தல் 18 டெசிபலைத் தாண்டாமல் விடுங்கள், விசிலுக்கும் சுரங்கத்துக்கும் இடம் வேண்டும். இந்தப் பாதையில் சுரங்கம் 16. இரண்டாவது, கருவியை ஜன்னல் சட்டத்தில் சாய்த்தால் பெட்டியின் கடகடப்புதான் பதிவாகும், கையில் பிடியுங்கள், முழங்கை உடம்போடு இருக்கட்டும். மூன்றாவது காற்று. வேகம் குறைவுதானே என்று மைக்குக்குப் பஞ்சு உறை போடாமல் விடுகிறார்கள், பள்ளத்தாக்கிலிருந்து ஏறிவரும் காற்று வண்டி வேகத்தைப் பார்த்து வீசுவதில்லை.

நிலக்கரிப் புகையை எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கரித்தணல் பறந்து காட்டில் தீப்பிடிக்கும் ஆபத்தும், மோசமான கரியில் நீராவி போதாமல் நடுவழியில் நிற்பதும் சேர்ந்து எஞ்சின்களை எண்ணெய்க்கு மாற்ற வைத்தன. திருச்சி பொன்மலைப் பணிமனை 2011 முதல் புதிதாகச் செய்து அனுப்பியவையும் எண்ணெய் எரிப்பவை. 2021-ல் கரியில் ஓடும் ஒன்றையும் அங்கேயே கட்டினார்கள். அன்றைக்கு எது வரும் என்பது எஞ்சின்களை நிறுத்திப் பராமரிக்கும் ஷெட்டின் கையில். புகைபோக்கி அடி இரண்டிலும் ஒன்றுதான், எண்ணெய் எஞ்சினில் பர்னரின் இரைச்சல் கூடுதலாகக் கேட்கும், வாசனை மாறும். விண்டர்தூரில் செய்த பழைய சுவிஸ் எஞ்சினா, பொன்மலைக் கட்டுமானமா என்பதை எஞ்சினின் வரிசை எண்ணைப் பார்த்துச் சொல்லலாம்: 37393 வரை சுவிஸ், அதற்கு மேல் பொன்மலை. அந்தச் சுவிஸ் வரிசையின் கடைசி ஐந்து 1952-ல் வந்தவை.

குன்னூரில் நீராவி எஞ்சின் கழன்று ஷெட்டுக்குப் போகும், உதகை வரை டீசல். பெரும்பாலான நீராவிப் பிரியர்கள் இங்கே இறங்கிவிடலாம் என்பார்கள். ஓரளவு சரி. அடுத்த 18 கிலோமீட்டரில் பல் கிடையாது, ஏற்றமும் சுமார் 23-க்கு ஒன்றுதான். ஆனால் அந்த டீசல் ஒய்டிஎம்-4. ஆல்கோ என்ற அமெரிக்க நிறுவனத்தின் வடிவமைப்பில் 1961 முதல் இந்தியாவுக்கு வந்த வகை, ஆறு சிலிண்டர், நின்றிருக்கும்போதே தாளம் போடும். போடி வண்டியையும் செங்கோட்டை வண்டியையும் இழுத்தது இதே வகைதான். அந்தச் சத்தம் காதில் மிச்சமிருக்கிறவர்கள் கேத்தி, லவ்டேல் வளைவுகளை விடக் கூடாது. இந்தப் பகுதிக்கு நாளுக்குப் பல நடை இருப்பதால் டிக்கெட்டும் எளிது. இன்னொன்று: குன்னூரில் வண்டி கொஞ்சம் பின்வாங்கித்தான் உதகைப் பக்கம் ஏறும், பிளாட்பாரக் கோடியில் நின்றால் அந்தப் பின்வாங்கலும் ஷெட் வாசலும் ஒரே சட்டகத்தில் வரும். ஷெட்டுக்குள் போக அனுமதி வேண்டும். கேட்காமல் தண்டவாளத்தில் நடப்பது ரயில்வே சட்டம் 147-ஆம் பிரிவின்படி அத்துமீறல், ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ கிடைக்கலாம்.

சேவையின் பலவீனம் வெளிப்படை. மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே வழக்கமாக நாளுக்கு ஒரே வண்டி, நான்கைந்து பெட்டி. முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கிறது, கோடை விடுமுறைக்கு அன்று காலையிலேயே தீர்ந்துவிடும். உதகை வரை கிடைக்காவிட்டால் குன்னூர் வரை மட்டும் தனியாகத் தேடிப் பாருங்கள், நிலையக் குறியீடு ஓஎன்ஆர். வடகிழக்குப் பருவமழையில், அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை, கல்லாறு–குன்னூர் இடையே மண்ணும் பாறையும் சரிந்து நாள்கணக்கில் ரத்தாகும். ரயில்வே ரத்து செய்தால் பணம் முழுதாகத் திரும்பும், தங்கும் அறைக் காசு திரும்பாது. ஜனவரி, பிப்ரவரி வாரநாட்கள்தான் எங்கள் பரிந்துரை. காலைக் குளிரில் நீராவி வெள்ளையாகத் திரண்டு நிற்கும், படத்துக்கு அதைவிட வேறென்ன வேண்டும்.

கீழிறங்கும் வண்டியில் இந்த அளவு செலவிடத் தேவையில்லை. எஞ்சின் முன்னால் போகும், காட்சியை மறைக்கும், உழைப்பின் அடியும் இல்லை. சிலிண்டர்களையே பிரேக்காக வைத்து இறங்குவதால் ஒரு சீறல் மட்டும்.

பிரியர்கள் பல காலமாகக் கேட்பது பெரிய விஷயமில்லை: குன்னூர்–உதகை நீராவி நடை எப்போதோ வரும் சிறப்பு வண்டியாக இல்லாமல் மாதம் ஒரு முறையாவது அட்டவணையில் வரட்டும், ஷெட்டை வாரத்தில் ஒரு மணி நேரம் சீட்டுக் கொடுத்துக் காட்டட்டும், அன்றைக்கு எந்த எஞ்சின் என்பதை நிலையத்தில் பலகையில் எழுதட்டும். மூன்றாவதற்குச் சாக்கட்டி போதும்.

பலகை வரும் வரை நோட்டில் எழுதுவது நம் வேலை. தேதி, எஞ்சின் எண், எண்ணெயா கரியா, பெட்டி எண்கள், பெட்டியின் ஓரத்தில் வெள்ளையில் எழுதியிருக்கும் பிஓஎச் (பணிமனையில் முழுப் பராமரிப்பு முடிந்த) தேதியும் அடுத்து பணிமனைக்குத் திரும்ப வேண்டிய தேதியும், கல்லாறில் பல் பிடித்த நேரம். ஒலிக்கோப்பின் பெயரிலும் இதே வரிசை இருக்கட்டும், எஞ்சின் எண் இல்லாத பதிவை இன்னொருவரின் பதிவோடு ஒப்பிட முடியாது.