மாடிக்கு வெள்ளைப் பூச்சு அடித்து நான்கு வருஷம்: ஊத்தங்கரை வீட்டு அனுபவம்

2021 ஐப்பசி மழையில் ஹால் சீலிங்கில், ஃபேனுக்குப் பக்கத்தில், டீக்கறை மாதிரி ஒரு வட்டம் தெரிந்தது. பெயிண்டரைக் கூப்பிட்டு பட்டி பார்த்து மறைத்தேன். தண்டச் செலவு. இரண்டே மாதத்தில் உப்புப் பூத்து, பொரிந்து உதிர்ந்தது.

அப்புறம் வந்த மேஸ்திரி, "மழை இல்லாத நாள்லயும் கறை பெருசாகுதாண்ணா?" என்று கேட்டார். ஆகிறதென்றால் டேங்க் குழாயோ பாத்ரூமோ காரணமாக இருக்கும். மழைக்கு மட்டும் என்றால் மாடியைப் பார்க்க வேண்டும். கறையின் ஓரத்தில் பென்சில் கோடு போட்டு தேதி எழுதச் சொன்னார். எங்கள் கறை மழைக்கு மட்டும்தான் கோட்டைத் தாண்டியது.

மாடியில் மண் வரப்பு கட்டி, பகுதி பகுதியாக ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் நிறுத்தினோம். ஃபேனுக்கு நேர் மேலே நிறுத்தியபோது ஒன்றுமில்லை. எட்டடி தள்ளி, மழைநீர்க் குழாய் வாயருகே நிறுத்தியதும் கறை ஈரமானது. தட்டோட்டுக்கு அடியில் செங்கல் ஜல்லிக்குள்ளேயே ஓடிவந்து, ஃபேன் பெட்டி ஓட்டை வழியாக இறங்கியிருக்கிறது தண்ணீர். ஒயர் போகிற இடமாயிற்றே! அந்த லைனை உடனே அணைத்து வைத்தோம்.

2022 மாசியில் குழாய் வாயைச் சுற்றிக் கொத்தி, வாட்டர்ப்ரூஃப் கலந்த சிமெண்டால் அடைத்தார். கைப்பிடிச் சுவர் வெடிப்பிலிருந்த அரசங்கன்றை வேரோடு எடுத்து, சுவரும் தளமும் சேரும் மூலையைச் சரிவாகப் பூசினார். அது நன்றாகக் காய்ந்த பிறகே, தண்ணீர் இறங்காமலும் வெயில் சூடு குறையவும் தளத்துக்கு அடிக்கிற வெள்ளைப் பூச்சு, குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோட்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை. 2-ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் எங்கள் ஊரில் 50 செ.மீ. மழை. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வண்டிகளையே வெள்ளம் அடித்துப் போனது. மாவிலை குழாய் வாயை அடைத்து மாடியில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்க, நனைந்துகொண்டே போய்க் கையை விட்டு எடுத்தேன். கீழே சீலிங்கில் ஒரு சொட்டு இல்லை.

அந்தப் பெருமை பூச்சுக்கு எவ்வளவு, மூலை வேலைக்கு எவ்வளவு? என் கணக்கில் முக்கால் பங்கு மூலைக்கு. வெயிலில் தளச் சூடு கொஞ்சம் குறைந்தது, அது பூச்சின் லாபம். பாசி பிடித்தால் வழுக்கும், அது அதன் தொல்லை.

போன தையில் அம்மா மாடியில் கொள்ளு அடித்த இடத்தில் பூச்சு தோல் தோலாக உரிந்திருக்கிறது. வருகிற பங்குனியில் அங்கே மட்டும் திரும்ப அடிக்க வேண்டும். கொள்ளுச் செடியை இனி வாசலில் போட்டு அடிக்கச் சொன்னேன். "அப்புறம் மாடி எதுக்குடா கட்டினோம்?" என்கிறார்.