சுவருக்குள் இருக்கும் கேட் 5இ கம்பிக்கு 2.5 கிகாபிட்: எட்டு போர்ட் சுவிட்ச் ஒன்றின் மதிப்புரை

சுவருக்குள் ஏற்கெனவே பதித்திருக்கும் கேட் 5இ வகை வலையமைப்புக் கம்பியை மாற்றாமல் வேகத்தைக் கூட்ட வேண்டும் என்பதற்காகவே, கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் இந்த 2.5 கிகாபிட் சுவிட்சை வாங்கினேன். விசிறி இல்லாத உலோகப் பெட்டி. எட்டு செம்புப் போர்ட்டுகள். அவற்றுக்குப் பக்கத்தில், தனி மாட்யூலைச் செருகிப் பயன்படுத்தும் 10 கிகாபிட் வேகத்துக்கான எஸ்எஃப்பி பிளஸ் துளைகள் இரண்டு. மூன்று மாதங்களாக இடைவிடாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. இதே அமைப்புடைய பெட்டிகள் பல பெயர்களில் விற்கப்படுவதால், மேலே ஒட்டியிருக்கும் பெயரைவிட உள்ளே நடக்கும் குறியாக்கத்தை, அதாவது தரவை மின்குறிகளாக மாற்றும் முறையைப் பற்றிப் பேசுவதே வாங்குபவருக்குப் பயன்படும் என்று கருதுகிறேன்.

முதலில் அளவீடு. வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப் என்னும் மென்பொருளைக் கொண்டு இரு கணினிகளுக்கு இடையே சோதித்தபோது, பழைய சுவிட்சில் விநாடிக்கு 941 மெகாபிட் கிடைத்த அதே கம்பியில் இப்போது 2.35 கிகாபிட் கிடைக்கிறது. மீதி எங்கே போயிற்று என்று கவலைப்பட வேண்டியதில்லை. தரவு சட்டகம் என்னும் பொதிகளாகவே செல்கிறது; வழக்கமான சட்டக அளவில் கம்பியின் மீது 1,538 பைட்டுகள் ஓடினால்தான் நம்முடைய தரவு 1,448 பைட்டுகள் போய்ச் சேரும். தலைப்புகளுக்கும் இடைவெளிக்கும் செலவாகும் பங்கு எந்த வேகத்திலும் உண்டு. ஆகவே இந்தப் பெட்டி தர வேண்டியதை முழுமையாகத் தருகிறது.

கம்பி மாறவில்லை என்றால் கூடுதல் வேகம் எங்கிருந்து வந்தது? 1999-இல் வந்த கிகாபிட் முறை, கம்பிக்குள் இரண்டிரண்டாக முறுக்கப்பட்டிருக்கும் நான்கு இணைகளிலும் ஒரே நேரத்தில் இரு திசையிலும் பேசுகிறது. ஒவ்வொரு இணையிலும் விநாடிக்கு 12.5 கோடி குறிகள் செல்கின்றன. ஒவ்வொரு குறியும் ஐந்து மின்னழுத்த நிலைகளில் ஒன்றாக இருக்கும். குறி ஒன்றுக்கு இரண்டு பிட் தரவு. 2016-இல் 802.3பிஇசட் தரநிலையாக வந்த 2.5 கிகாபிட் முறையோ விநாடிக்கு 20 கோடி குறிகளை அனுப்புகிறது. நிலைகள் ஐந்திலிருந்து பதினாறாகின்றன. குறி ஒன்றுக்குச் சராசரியாக 3.125 பிட் தரவு சேர்கிறது. இருபது கோடியை அதனால் பெருக்கினால் இணை ஒன்றுக்கு 625 மெகாபிட், நான்கு இணைக்கு 2,500. இந்த முறைக்குத் தேவைப்படும் அலைவரிசை அகலம் 100 மெகாஹெர்ட்ஸ்தான். கேட் 5இ கம்பி சான்றளிக்கப்பட்டிருப்பதும் சரியாக 100 மெகாஹெர்ட்ஸ் வரைதான். பழைய கம்பியின் எல்லையை அளந்து பார்த்து அதற்குள் அடங்குமாறு ஒரு முறையை வகுத்திருக்கிறார்கள் என்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி அளிக்கிறது.

நிலைகள் கூடினால் இரு நிலைகளுக்கு இடையிலான தூரம் சுருங்கும். சிறு இரைச்சலும் ஒரு நிலையைப் பக்கத்து நிலையாகக் காட்டிவிடும். இதற்கு ஈடுகொடுப்பது எல்டிபிசி என்னும் பிழைதிருத்தக் குறிமுறை. 1,723 பிட்டுகளுடன் 325 சரிபார்ப்புப் பிட்டுகளைச் சேர்த்து 2,048 பிட் கொண்ட தொகுதியாக அனுப்புகிறது; பெறும் முனை அந்தத் தொகுதி முழுவதையும் சேகரித்து, எந்தப் பிட் தவறியிருக்கும் என்பதைத் திரும்பத் திரும்பக் கணித்துச் சரிசெய்கிறது. கிகாபிட் சில்லைவிட இந்தப் பெட்டி சற்றுக் கூடுதலாகச் சூடாவதற்கு இந்தக் கணிப்பும் ஒரு காரணம். கையால் தொட முடியாத சூடு அன்று. தொகுதி சேரும் வரை காத்திருப்பதால் ஏற்படும் தாமதம் மைக்ரோவிநாடிக் கணக்கில்தான் இருக்கும். பதில் வரும் நேரத்தை அளக்கும் பிங் கட்டளையில் பார்த்தால் தெரியாது.

எட்டு இணைப்புகளில் ஏழு முதல் நாளே 2.5 கிகாபிட்டில் நிலைத்துவிட்டன. எட்டாவது மட்டும் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அறுந்தது. பழைய சுவிட்சிலும் அந்த இணைப்பு அவ்வப்போது 100 மெகாபிட்டுக்கு இறங்குவதைக் கண்டிருக்கிறேன்; காரணத்தைத் தேடியதில்லை. விளக்கு வைத்த கேபிள் டெஸ்டரில் ஒன்று முதல் எட்டு வரை வரிசை பிசகாமல் எரிந்தது. ஜாக்கைப் பிரித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது: மூன்றாம் பின்னில் வெள்ளைப்பச்சை, நான்கில் பச்சை, ஐந்தில் வெள்ளைநீலம், ஆறில் நீலம். முறைப்படி பச்சை ஆறாம் பின்னுக்கும் நீலம் நான்காம் பின்னுக்கும் போக வேண்டும். இரு முனையிலும் ஒரே மாதிரி மாற்றிப் பொருத்தியிருந்ததால் டெஸ்டருக்குக் குறை தெரியவில்லை. ஆனால் ஒரே குறியைச் சுமக்க வேண்டிய மூன்றும் ஆறும் ஒன்றோடொன்று முறுக்கப்படாத இரு வேறு கம்பிகளாகிவிட்டன. முறுக்கு தரும் பாதுகாப்பு போய், பக்கத்து இணையின் பேச்சு இதில் கலந்துவிட்டது. ஐந்து நிலைகள் தட்டுத்தடுமாறித் தாங்கிய அந்தக் கலப்பைப் பதினாறு நிலைகள் தாங்கவில்லை. இரு முனைகளையும் வெட்டி, முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்காமல் மீண்டும் அழுத்திப் பொருத்தினேன் (கிரிம்ப்). அன்றிலிருந்து அந்தப் போர்ட்டின் பிழை எண்ணிக்கை சுழியத்திலேயே நிற்கிறது. இந்தச் சுவிட்சை வாங்குபவர்கள் புதுக் கம்பிக்குப் பணம் செலவிடும் முன் முனைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்கிறேன்.

சிறு குறை ஒன்று: கம்பியைச் செருகியபின் விளக்கு எரியச் சில விநாடிகள் ஆகின்றன. இரு முனைகளும் கம்பியின் எதிரொலியையும் இழப்பையும் அறிந்து தம்மைச் சரிப்படுத்திக்கொள்ளும் நேரம் அது. பழுது என்று எண்ணிப் பிடுங்கிவிடக் கூடாது.

எஸ்எஃப்பி பிளஸ் துளைக்கென்று தனியே வாங்கிய 10 கிகாபிட் செம்பு மாட்யூலைப் பற்றி என்னால் அவ்வளவு நல்லதாகச் சொல்ல முடியவில்லை. அதே பதினாறு நிலைகள்தான். ஆனால் விநாடிக்கு 80 கோடி குறிகள், 400 மெகாஹெர்ட்ஸ் அகலம். இங்கே இரண்டு குறிகளைச் சேர்த்துப் பார்த்தால் கிடைக்கும் 256 புள்ளிகளில், சதுரங்கக் கட்டத்தின் ஒரு நிறத்தை மட்டும் எடுப்பதுபோல் 128 புள்ளிகளை மட்டுமே பயன்படுத்துகிறார்கள். அதனால் புள்ளிகளுக்கு இடையே தூரம் கூடுகிறது, ஒரு புள்ளி குறிக்கும் ஏழு பிட்டுகளில் நான்குக்கு மட்டும் எல்டிபிசி பாதுகாப்பு அளித்தாலே போதுமானதாகிறது. அருமையான யோசனை. ஆயினும் இத்தனை கணக்கையும் விரல் அளவுள்ள உறைக்குள் செய்ய வேண்டியிருப்பதால் மாட்யூல் கொதிக்கிறது. தரநிலைப்படி, கேட் 5இ-ஐவிட உயர்ந்த கேட் 6ஏ கம்பியில் 100 மீட்டர் வரை போக வேண்டும். இதன் உறையிலோ 30 மீட்டர் என்றுதான் அச்சிட்டிருக்கிறது. இரண்டு மாட்யூல்களை அடுத்தடுத்த துளைகளில் செருகி ஒரு மணி நேரம் பெரிய கோப்புகளை அனுப்பியபோது ஒன்று இணைப்பை இழந்தது. ஆறியபின் தானாக மீண்டது. விசிறி இல்லாத பெட்டிக்கு இது பொருந்தாது. இரண்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டு, பக்கத்து அடுக்கில் உள்ள சேமிப்பகத்துக்கு மூன்று மீட்டர் டாக் கம்பியை (இரு முனையிலும் செருகியோடு வரும் செம்புக் கம்பி) செருகியிருக்கிறேன். அதில் இத்தனை குறியாக்க வேலை இல்லை, சூடும் இல்லை.