சுயசான்று வீடா, மூன்று தள பிளாட்டா? டெல்டா கட்டுநருக்கு எது தோது?

கும்பகோணத்தில் 2,400 சதுர அடி மனை ஒன்று கையில் இருக்கிறது. சுயசான்றில், அதாவது விதிப்படி கட்டுவதாக நாமே சான்றளித்து அனுமதி வாங்கி, கீழும் மேலுமாக ஒரு வீடு கட்டி விற்பதா, வழக்கமான அனுமதி வாங்கி மூன்று தளம் பிளாட் போடுவதா? சமீபகாலமாக என்னிடம் பிளான் போட வரும் கட்டுநர்கள் பெரும்பாலும் இந்தக் கேள்வியோடுதான் வருகிறார்கள்.

நேரத்தில் சுயசான்றை மிஞ்ச முடியாது. 2024 ஜூலையில் வந்த திட்டம் இது. மனை 2,500 சதுர அடிக்குள், கட்டடம் 3,500 சதுர அடிக்குள், தரைத்தளத்தோடு முதல் தளம் வரை. இந்த வரம்புக்குள் நின்றால் ஆன்லைனில் பணம் கட்டிய கையோடு அனுமதி. இடத்தைப் பார்க்க முன்கூட்டி யாரும் வருவதில்லை. நிறைவுச் சான்றும் வேண்டாம். சித்திரையில் கடைக்காலுக்கு வானம் தோண்டி, ஐப்பசி மழைக்குள் தளம் போட்டுவிட ஓடுகிறவர்களுக்கு இது பெரிய விஷயம். அனுமதி தள்ளிப்போய் மழையில் மாட்டினால், கடைக்கால் குழியில் தண்ணீர் இறைக்கும் மோட்டார் வாடகையே தனிச் செலவு.

பரப்பில் பிளாட்தான். 2019இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், தளப்பரப்புக் குறியீட்டை, அதாவது மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவை, 1.5இலிருந்து 2 ஆக உயர்த்தின. 3,600 சதுர அடி கட்ட முடிந்த மனையில் கணக்குப்படி 4,800. சுயசான்று எடுத்தால் அதில் 1,300 சதுர அடியை விட்டுக்கொடுக்கிறோம். நகருக்குள் மனை விற்கிற விலைக்கு அந்த 1,300தான் லாபமே. ஆனால் பக்கத்து இடைவெளி, சாலை அகலம், வண்டி நிறுத்துமிடம் எல்லாம் கழித்தால் நம் சந்துகளில் முழுக் கணக்கும் கைக்கு வருவது அபூர்வம்.

விதி தளர்ந்ததால் வந்த சிக்கலும் உண்டு. 2018 கடைசியில் ஒரு கட்டுநருக்கு இரண்டு தளத்துக்குப் பிளான் போட்டுக்கொடுத்தேன். கடைக்கால் முடிந்து பில்லர் எழும்பும்போது புதிய விதி வந்தது. இன்னொரு தளம் ஏற்றலாமே என்றார். காகிதத்தில் இடம் இருந்தது, மண்ணுக்குள் போட்ட கான்கிரீட்டில் இல்லை. கையெழுத்துப் போட மறுத்தேன். அவர் வேறு ஆளைத் தேடிப் போய்விட்டார்.

மண்ணைப் பற்றித்தான் எனக்குக் கவலை. டெல்டாவில் இன்று மனையாக விற்பதில் பெரும்பகுதி நேற்றுவரை நஞ்சை. களிமண். கோடையில் கை நுழையும் அளவு வெடிக்கும், மழையில் ஊதும். சென்ற தை மாதம் ஒரு புது வீட்டைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். குடிபுகுந்து ஒரே ஒரு மழைக்காலம்தான் ஆகியிருந்தது. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல். பென்சில் முனை உள்ளே போனது. வாசல் தூணருகே டைல்ஸ் தூக்கிக்கொண்டு நின்றது. பிளானில் ஒரு குறையும் இல்லை. மண் பரிசோதனை செய்யவில்லை, அவ்வளவுதான். சவுடு மண் கொட்டி மேடாக்கி, அதன்மேல் நாலடிக் கடைக்கால். கேட்க யாருமில்லாததால் யாரும் சொல்லவில்லை. ஆயுள் சேமிப்பைப் போட்டு வாங்கிய அந்த அம்மா, “சுண்ணாம்பு அடிச்சா மூடிக்குமா தம்பி?” என்று கேட்டார்.

பெரிய பிளாட்டில் இந்தப் பொறுப்பைச் சட்டமே கழுத்தில் கட்டிவிடுகிறது. 500 சதுர மீட்டர் நிலம், எட்டு வீடு என்ற வரம்புகளைத் தாண்டினால் ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு. வாங்குபவர் தரும் பணத்தில் 70 சதவீதம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும்; வீட்டை ஒப்படைத்து ஐந்தாண்டுக்குள் கட்டமைப்புக் குறை தெரிந்தால் கட்டுநர் செலவில் சரிசெய்ய வேண்டும். ஒற்றை மனையில் போடும் சின்ன பிளாட்டுக்கு இந்தப் பதிவு வராது.

தாராசுரம் கோயில், தஞ்சைப் பெரிய கோயில் பக்கம் மனை வைத்திருப்பவர்களுக்கு இரண்டு வழியும் ஒன்றுதான். 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டவே முடியாது. அதற்கப்பால் இன்னும் 200 மீட்டர் தூரம் வரை தேசிய நினைவுச்சின்ன ஆணையத்தின் அனுமதி இல்லாமல் ஆகாது. சுயசான்று அதற்கு மாற்றல்ல.

புறநகர் நஞ்சை மனைக்கு நான் சுயசான்றைத்தான் சொல்கிறேன், மண் பரிசோதனை செய்ய ஒப்புக்கொண்டால் மட்டும். களிமண் ஆழமாக இருந்தால் ஈரம் மாறாத மட்டம் வரை பைல், அதாவது மண்ணுக்குள் ஆழத் தூண், இறக்க வேண்டும். மூன்று தளம் என்று கேட்பவரை முதலில் தெரு அகலத்தை டேப் வைத்து அளந்து வரச் சொல்கிறேன். வலங்கைமான் சாலையில் ஒரு மனைக்கு அடுத்த வாரம் மண் எடுக்கிறோம். பிளான் இன்னும் வரையவில்லை.