லாகொம்: கொம்பிலிருந்து வந்ததா, சட்டத்திலிருந்தா?

காபியில் எவ்வளவு பால் என்று கேட்டால் சுவீடன்காரர் 'லாகொம்' என்பார். கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம், அளவாக இருந்தால் சரி. இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்பதற்கு அங்கே ரொம்பப் பிரபலமான கதை ஒன்று உண்டு. வைக்கிங் வீரர்கள் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். தேனில் புளித்த மது நிரம்பிய கொம்பு கைமாறி வருகிறது. கடைசி ஆளுக்கும் மிஞ்ச வேண்டுமே, அதனால் ஆளுக்கு ஒரு மிடறுதான். 'லாகெட் ஒம்', அதாவது 'கூட்டத்தைச் சுற்றி' என்பது தேய்ந்து லாகொம் ஆயிற்றாம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நடுவிலிருக்கும் 'எட்' எங்கே போனது? கூட்டம் முழுக்கச் சுற்றி வருவதைச் சொல்லும் 'லாகெட் ருண்ட்' என்ற தொடரில் அது இன்றும் அப்படியே நிற்கிறது.

அகராதிக்காரர்களின் விளக்கத்தில் கொம்பும் இல்லை, மதுவும் இல்லை. 'லாக்' என்றால் சட்டம். கடைசி 'ஒம்' தனிச் சொல்லே அல்ல, பழைய நான்காம் வேற்றுமையின் பன்மை உருபு. அந்த உருபு பேச்சிலிருந்து எப்போதோ உதிர்ந்துவிட்டது, சில சொற்களில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'ஸ்டுண்ட்' என்றால் பொழுது, 'ஸ்டுண்டொம்' என்றால் சில பொழுது. அதே அச்சில் வார்த்ததுதான் லாகொம்: சட்டங்களின்படி, முறைப்படி. சட்டத்துக்கு எதற்குப் பன்மை? வைக்கிங்குகள் பேசிய பழைய நார்ஸ் மொழியில் 'சட்டம்' என்ற சொல்லே பன்மையில்தான் வழங்கியது. ஆங்கிலத்தின் 'லா'வும் அங்கே கடன் வாங்கியதுதான்.

என் ஓட்டு இதற்கே. ஆனால் 'சட்டப்படி' எப்படி 'போதுமான அளவு' ஆனது என்று ஒரு உறுத்தல் இருக்கும். அங்கேதான் லாக்கின் இன்னொரு முகத்தைப் பார்க்க வேண்டும். சட்டை கொஞ்சம் சின்னதாக இருந்தால் 'இ மின்ஸ்டா லாகெட்' என்பார்கள். இங்கே லாக் நீதிமன்றச் சட்டமல்ல, அளவு, ஒழுங்கு. வயிறு கெட்டால் 'இ ஊலாக்', லாக் தவறிவிட்டது. நாம் 'வயிறு சரியில்லை' என்கிறோமே, கிட்டத்தட்ட அந்தச் 'சரி'தான்.