திருவல்லிக்கேணியில் லேடீஸ் ஹாஸ்டல் தேடுபவர்கள் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள் – எங்களுக்குப் போனது 32,500 ரூபாய்

முதலிலேயே தொகையைச் சொல்லிவிடுகிறேன். 32,500 ரூபாய். சென்னையில் படிக்கப் போன மகளுக்குத் தங்க இடம் பிடிக்கிறோம் என்று கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்திருக்கிறோம். இன்றைக்கு இடமும் இல்லை, பணமும் இல்லை. நேற்று ராத்திரி அந்த ஹாஸ்டல்காரன் அனுப்பிய கணக்கைப் பார்த்ததிலிருந்து வயிறு எரிகிறது. கோபம் ஆறினால் வீட்டு வேலையில் மறந்துபோகும், அதனால் சூட்டோடு எழுதுகிறேன். அட்மிஷன் நேரம் இது. இன்னும் எத்தனை பேர் பையும் பிள்ளையுமாக அந்தச் சந்துக்குள் நுழையப் போகிறார்களோ.

நாங்கள் பள்ளிப்பட்டு. ஊரைத் தாண்டினால் ஆந்திரா. வீட்டில் தமிழ், கடைவீதியில் பாதிக்குப் பாதி தெலுங்கு. அவருக்கு விசைத்தறி. மகள் திருத்தணியில் பி.ஏ. முடித்தாள், சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழக வளாகத்திலேயே எம்.ஏ. சீட் கிடைத்தது. 1857இல் தொடங்கிய பல்கலைக்கழகம், எங்கள் வீட்டிலிருந்து அதன் வாசலை மிதிக்கும் முதல் ஆள் அவள்தான். அந்தச் சந்தோஷத்தில் யாருக்கும் கால் தரையில் இல்லை.

யுனிவர்சிட்டி ஹாஸ்டலில் காத்திருப்போர் பட்டியல் என்றார்கள். தினமும் போய்வருவது நடக்காத காரியம். பள்ளிப்பட்டிலிருந்து திருத்தணிக்கு பஸ், அங்கிருந்து சென்ட்ரலுக்கு லோக்கல் ரயிலே இரண்டு மணி நேரத்துக்கு மேல், அப்புறம் சேப்பாக்கம். சாயங்காலம் அதே வழியில் திரும்பி வந்தால் பிள்ளை எப்போது சாப்பிடும், எப்போது படிக்கும்?

சேப்பாக்கத்தில் படிப்பவர்களுக்கு நடந்துபோகிற தூரத்தில் இருப்பது திருவல்லிக்கேணிதான். ஆண் பிள்ளைகளுக்கு அங்கே மேன்ஷன்கள் இருக்கின்றன, காலங்காலமாக வெளியூர்க்காரர்கள் தங்கும் இடம். பெண் பிள்ளைகளுக்கு அப்படி இல்லை. பழைய வீட்டை யாராவது லீசுக்கு எடுத்து, ஹாலைக்கூட பிளைவுட் வைத்துத் தடுத்து, இரும்புக் கட்டில் போட்டு, வாசலில் ‘லேடீஸ் ஹாஸ்டல்’ என்று போர்டு மாட்டிவிடுகிறார்கள். பிரசிடென்சி, ராணி மேரி என்று கடற்கரையை ஒட்டி இத்தனை கல்லூரி இருக்கிறது, பெண் பிள்ளைகள் குறைந்த வாடகையில் தங்க இதுதான் கதி என்றால் என்ன சொல்ல?

இடத்தைக் கண்டுபிடித்தது ஒரு ஆப்பில். வாடகை வீடும் பி.ஜி.யும் காட்டுகிற ஆப், டி.வி.யில் விளம்பரம் வருகிற அளவுக்குப் பெரியது. பேர் போடவில்லை, கேஸ் அது இது என்று அலைய எனக்குத் தெம்பில்லை. ‘பல்கலைக்கழகத்துக்கு மிக அருகில், மூன்று பேர் ரூம், சாப்பாட்டோடு 6,500’ என்று இருந்தது. ஜன்னல் ஓரம் கட்டில், வெள்ளை பெட்ஷீட், பக்கத்தில் சின்ன மேசை. மேலே பச்சை டிக், ‘சரிபார்க்கப்பட்டது’. யார் வந்து சரிபார்த்தார்கள் என்று இன்றுவரை எனக்குப் பதில் வரவில்லை.

போட்டோவை மட்டும் பார்த்துப் பணம் அனுப்பினீர்களா என்று கேட்காதீர்கள். நேரில் போனோம். நான், அவர், மகள், மூன்று பேரும் போனோம். பாரதி சாலையிலிருந்து பிரிகிற ஒரு சந்து. ஆப்பில் நம்பர் கொடுத்திருந்த புரோக்கர் முனையிலேயே நின்றுகொண்டிருந்தான். முப்பது வயது இருக்கும், நெற்றியில் விபூதி, பேச்சில் அவ்வளவு பணிவு. “எந்த ஊர்க்கா?” என்றான். பள்ளிப்பட்டு என்றேன். அவ்வளவுதான், முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. “அரே, மனவாள்ளே!”, அட நம்ம ஆளுங்க என்று தெலுங்கில் ஆரம்பித்துவிட்டான். நகரி பக்கமாம். அத்தை வீடு பொதட்டூர்பேட்டையாம், அங்கேயும் தறிதானாம். அவரிடம் நூல் விலையெல்லாம் விசாரித்தான். சந்து முனைக் கடையில் டீ வாங்கிக் கொடுத்தான், அவர் பர்ஸை எடுக்க எடுக்க, “நீங்க சும்மா இருங்கண்ணா” என்று அவனே காசு கொடுத்தான். மூன்று டீயை வாங்கிக் கொடுத்துவிட்டு 32,500ஐ எடுத்துக்கொண்டான், பாவி.

மாடியில் ரூமைக் காட்டினான். போட்டோவில் பார்த்த அதே ஜன்னல், அதே கட்டில். கட்டில் காலில் பெயின்ட்டில் 7 என்று எழுதியிருந்தது. பாத்ரூம் குழாயைத் திறந்து பார்த்தேன், தண்ணீர் வந்தது. சமையலறைக்குள்ளும் எட்டிப் பார்த்தேன், சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. வரவேற்பு மேசைக்கு மேலே திருத்தணி முருகன் காலண்டர். “நம்ம சாமி இருக்காருக்கா, பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகாது” என்றான். வார்டன் என்று ஒரு அம்மா, அவர்களும் நல்லமாதிரிதான் பேசினார்கள். ஹாஸ்டலை நடத்துகிற ஆள் போனில் வந்தான். இன்னும் ரெண்டு குடும்பம் வந்துகொண்டிருக்கிறது, உங்கள் முகத்துக்காக இந்தக் கட்டிலைப் பிடித்துவைக்கிறேன் என்றான். மகள் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டு, “இதுவே போதும்மா” என்றாள். அந்த முகத்தைப் பார்த்தபிறகு வேறு இடம் பார்க்கலாம் என்று யாருக்கு வாய் வரும்?

கணக்கு இதுதான். மூன்று மாத அட்வான்ஸ் 19,500, முதல் மாதம் 6,500, புரோக்கர் கமிஷன் ஒரு மாத வாடகை 6,500. மொத்தம் 32,500. மகளிர் குழுவில் எடுத்த கடன் அது, தவணை இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. 26,000ஐ ஹாஸ்டல்காரன் சொன்ன நம்பருக்கு ஜிபே பண்ணினோம், கமிஷனை புரோக்கர் கையில் ரொக்கமாகக் கொடுத்தோம். ரசீது கேட்டேன். கடையில் விற்கிற ரசீது புக்கில் எழுதிக் கொடுத்தார்கள். ஹாஸ்டல் பேர் இல்லை, சீல் இல்லை. ‘பெட் 7, அட்வான்ஸ் + ரென்ட்’ என்று நீல மையில் எழுதி, கீழே புழு நெளிகிற மாதிரி ஒரு கையெழுத்து. அக்ரிமென்ட்? “ஹாஸ்டலுக்கெல்லாம் அக்ரிமென்ட் போட மாட்டாங்கக்கா” என்று முடித்துவிட்டான்.

காலேஜ் திறக்கிற வாரம் டிரங்குப் பெட்டி, பக்கெட், தலையணை சகிதமாகப் போய் இறங்கினோம். ஏழாம் நம்பர் கட்டிலில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள். விழுப்புரம் பக்கத்துப் பிள்ளை. எங்களைப் பார்த்ததும் பயந்து எழுந்து, பையிலிருந்து ரசீதை எடுத்துக் காட்டினாள். அதே நீல மை, அதே புழு, அதே பெட் 7. அவள் கட்டிய தேதி எங்களுக்கு முந்தையது. அந்தப் பிள்ளையை என்ன சொல்ல முடியும்? மூன்று பேர் ரூமில் ஏற்கெனவே ஐந்து கட்டில் வேறு. வார்டன் அம்மா, “ரெண்டு நாள் அட்ஜஸ்ட் பண்ணிக்கம்மா, கீழ ஒரு பொண்ணு காலி பண்ணுது” என்றார்கள். மகளும் சரி என்று ஹாலில் ஃபிரிட்ஜ் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்தாள். ராத்திரி முழுக்க யாராவது தண்ணீர் பாட்டில் எடுக்க வந்து ஃபிரிட்ஜைத் திறப்பார்களாம், முகத்தில் வெளிச்சம் அடிக்குமாம்.

அந்த ரெண்டு நாள் வரவே இல்லை. அதற்குள் வீட்டுக்காரர் ஆள் அனுப்பிவிட்டார். அப்போதுதான் விஷயமே வெளியே வந்தது. லீஸ் முடிந்துவிட்டதாம், ஹாஸ்டல்காரன் மாதக்கணக்கில் வாடகை பாக்கியாம், மாதக் கடைசிக்குள் எல்லாரும் காலி பண்ண வேண்டுமாம். எங்களிடம் பணம் வாங்கிய அன்றைக்கே அவனுக்கு இது தெரியும். தெரிந்துதான் ஒரே கட்டிலை ரெண்டு பேருக்கு விற்றிருக்கிறான். வீட்டுக்காரரிடம் கேட்டால், “உங்க பணம் என்கிட்ட வரலையேம்மா” என்கிறார். அவர் சொல்வதும் நியாயம்தான், ஆனால் அந்த நியாயத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? மகள் இப்போது ஆவடியில் என் நாத்தனார் வீட்டிலிருந்து போய்வருகிறாள்.

இனிமேல்தான் அலைச்சல். நம்ம ஊர்த் தம்பி முதல் வாரம் போனை எடுத்தான், “நான் பேசி வாங்கித் தர்றேன்க்கா” என்றான். அடுத்த வாரம், “நான் இடம் காட்டினதோட சரி, கொடுக்கல் வாங்கல் உங்களுக்கும் அவருக்கும்.” அதற்கப்புறம் என் நம்பரை பிளாக் பண்ணிவிட்டான். என் கணவர் நம்பரிலிருந்து அடித்தால் தமிழில் பேசுகிறான், தெலுங்கு மறந்துவிட்டது போல.

ஹாஸ்டல்காரன் வாய்தா மன்னன். வெள்ளிக்கிழமை போடுகிறேன் என்பான், வெள்ளிக்கிழமை பேங்க் சர்வர் டவுன். திங்கட்கிழமை என்பான், திங்கட்கிழமை மாமியார் ஆஸ்பத்திரியில்.

ஆப்காரர்களுக்கு எழுதினால் முதலில் மெஷின் பதில் சொல்கிறது, உங்கள் புகார் எங்களுக்கு முக்கியம் என்று. விடாமல் எழுதியதில் ஒரு மனிதர் வந்தார். இரண்டு தரப்பையும் அறிமுகப்படுத்துவது மட்டும்தான் எங்கள் வேலை, பணப் பரிமாற்றத்துக்குப் பொறுப்பில்லை என்று ஒரு வரி. அப்படியானால் அந்தப் பச்சை டிக் எதற்கு, அழகுக்கா? இதைவிடக் கொடுமை, அதே ஜன்னல், அதே வெள்ளை பெட்ஷீட் போட்டோ இன்றைக்குக் காலையிலும் அந்த ஆப்பில் இருக்கிறது. வாடகை இப்போது 7,000. ரிப்போர்ட் பண்ணியும் எடுக்கவில்லை.

போலீஸ் ஸ்டேஷனில், “இது சிவில் மேட்டர்மா, பேசித் தீத்துக்குங்க” என்றார்கள். ஒரே கட்டிலுக்கு ரெண்டு ரசீது இருக்கிறதே சார், இது எப்படி சிவில் ஆகும் என்று அவர் ரசீதுகளை மேசையில் வைத்துக் காட்டியபிறகுதான் சி.எஸ்.ஆர்., அதாவது புகாரை வாங்கிக்கொண்டதற்கான ரசீது, போட்டுக் கொடுத்தார்கள். விழுப்புரத்துப் பெண்ணின் அப்பாவும் கூட வந்திருந்தார், நல்ல மனுஷன்.

நேற்று ராத்திரி வந்த கணக்குக்கு வருகிறேன். திருப்பித் தரக்கூடியது அட்வான்ஸ் மட்டும்தானாம், 19,500. அதில் நோட்டீஸ் தராமல் காலி செய்ததற்கு ஒரு மாத வாடகை 6,500 கழிவு. மெயின்டனன்ஸ் 5,000. கட்டிய மொத்தத்துக்கும் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 5,850. பெயின்ட் அடிக்க 1,000. ஆக எங்களுக்கு வரவேண்டியது 1,150 ரூபாயாம். ஹாலில் பாய் போட்டுப் படுத்த பிள்ளை எந்தச் சுவரை அழுக்காக்கினாள்? அவனே காலி பண்ணப்போகிற வீட்டுக்கு யார் பெயின்ட் அடிக்கப் போகிறார்கள்? எங்கள் அண்ணன் மகன் ஆடிட்டர் ஆபீசில் இருக்கிறான், அவனிடம் காட்டினேன், சிரித்துவிட்டான். ஒரு ஆளுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குள் வாங்குகிற ஹாஸ்டலில் தொடர்ந்து 90 நாளாவது தங்குகிற கணக்கில் எடுத்த இடத்துக்கு 2024 ஜூலையிலிருந்தே ஜி.எஸ்.டி. விலக்கு இருக்கிறதாம். அதையும் சொல்லி, ஜி.எஸ்.டி. நம்பரையும் பில்லையும் அனுப்பு என்று பதில் போட்டேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை.

என்ன செய்ய வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் நினைத்தேன், ஆனால் குழுக் கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது. தெரிந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெண்கள் ஹாஸ்டல் நடத்த 2014இல் வந்த தமிழ்நாட்டுச் சட்டப்படி கலெக்டரிடம் உரிமம் வாங்க வேண்டும், அதைக் காட்டச் சொல்லுங்கள், காட்டாவிட்டால் திரும்பி வந்துவிடுங்கள். கட்டிடம் யாருடையது, லீஸ் எதுவரை என்று கேளுங்கள், முடிந்தால் வீட்டுக்காரரிடமே பேசுங்கள். வீடாக வாடகைக்கு எடுப்பவர்களுக்கு 2017ஆம் வருஷத்து வாடகைச் சட்டம் இருக்கிறது, 2019 பிப்ரவரியிலிருந்து அமலில் இருக்கிறது, எழுத்தில் ஒப்பந்தம் போட்டுப் பதிய வேண்டும். பத்து மாத அட்வான்ஸ் எல்லாம் பழைய சென்னை வழக்கம், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை மூன்று மாதத்துக்கு மேல் கேட்க முடியாது. அங்கே ஏற்கெனவே தங்கியிருக்கும் பிள்ளைகளைத் தனியாகக் கூப்பிட்டு விசாரியுங்கள், வார்டன் பக்கத்தில் நிற்கும்போது கேட்காதீர்கள். ரொக்கம் வேண்டாம். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் அந்த நிமிஷமே 1930 என்கிற சைபர் மோசடி உதவி எண்ணுக்கு அடியுங்கள். நுகர்வோர் புகாருக்கு 1915. ஊர்ப் பேச்சு பேசுகிறவனிடம் இன்னும் ரெண்டு கேள்வி கூடுதலாகவே கேளுங்கள்.

பாரதி சாலைப் பக்கம், மாடியில் ஹாஸ்டல், நகரிக்காரன் என்று சொல்லிக்கொள்ளும் புரோக்கர், நீல மை ரசீது. இந்த அடையாளத்தில் யாராவது பணம் கட்டியிருந்தால் ரசீதைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள், எனக்குத் தனியாக எழுதுங்கள். இப்போதைக்கு நாங்கள் ரெண்டு குடும்பம், வருகிற வாரம் கமிஷனர் ஆபீசில் மனு கொடுக்கப் போகிறோம். நாலு குடும்பமாகப் போனால் சிவில் மேட்டர் என்று அனுப்பிவைக்க மாட்டார்கள். 32,500 ரூபாய், 1,150 வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொள்வதாக இல்லை.