வீல் ஸ்பீடு சென்சார்: கோடு சொல்வதும் லைவ் டேட்டா காட்டுவதும்

பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ்ஸின் விளக்கு எரிகிறது, ஸ்கேனரைச் செருகினால் சி0035 என்ற கோளாறுக் குறியீடு (கோடு) வருகிறது: முன் இடது சக்கரத்தின் வேகத்தை அளக்கும் சென்சார். உடனே புது சென்சார் வாங்கிவிடுகிறார்கள். அந்தக் கோடு காட்டுவது எந்த மூலை என்பதை மட்டும்தான். அந்த மூலையில் சென்சார், வயர், கனெக்டர், சக்கரத்தோடு சுற்றி சென்சாருக்கு வேகத்தைக் காட்டும் பல் வளையம், பேரிங் என ஐந்து பேர் இருக்கிறார்கள். நீண்ட நாள் பார்த்துப் பழகியதில், சென்சார் மேல் சந்தேகம் கடைசியாகத்தான் வர வேண்டும்.

முதலில் கருவி. காரின் கோளாறுக் கோடுகளைப் படிக்கும் விலை குறைந்த ஓபிடி ரீடர்களில் பல இன்ஜின் கோடுகளை மட்டுமே படிக்கும். ஏபிஎஸ் பகுதிக்குள் போய் நான்கு சக்கர வேகத்தையும் ஒரே திரையில் காட்டும் ஸ்கேனர்தான் இதற்கு உதவும். கோட்டை அழித்துவிட்டு, விளக்கு எப்போது திரும்ப வருகிறது என்று கவனியுங்கள். நின்ற நிலையில், சாவி போட்டதுமே வந்தால் பெரும்பாலும் மின்சுற்று கோளாறு: அறுந்த வயர், ஷார்ட், உப்பு பூத்த கனெக்டர். வண்டி நகர்ந்த பிறகு வந்தால் சிக்னல் கோளாறு: வளையம், இடைவெளி, பேரிங் ஆட்டம். பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும்.

அடுத்து லைவ் டேட்டா, அதாவது ஓடும்போதே திரையில் வரும் சக்கர வேகங்கள். ஒருவர் ஓட்ட, இன்னொருவர் திரையைப் பார்க்க வேண்டும். ஒரு சக்கரம் எப்போதும் பூஜ்யம் என்றால் சுற்று அறுந்திருக்கிறது, அல்லது சென்சாருக்கு மின்சாரம் போகவில்லை. ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பும்போதோ பள்ளத்தில் இறங்கும்போதோ மட்டும் வேகம் பூஜ்யத்துக்கு விழுந்தால், சஸ்பென்ஷன் பக்கம் வளைந்து நிமிரும் இடத்தில் உறைக்குள்ளேயே கம்பி முறிந்திருக்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. மற்ற மூன்றும் 10 கிமீ காட்டும்போது இது மட்டும் முன்னதாகவே பூஜ்யத்துக்குப் போனால் சென்சாருக்கும் வளையத்துக்கும் இடையே தூரம் கூடியிருக்கிறது. சென்சார் உட்காரும் குழியில் துரு பொங்கி அதை மேலே தள்ளுவது இதற்கு அடிக்கடி காணும் காரணம். சுத்தம் செய்தாலே போதும், புதுப் பாகம் தேவைப்படாது.

தாளம் தவறாமல், சக்கரம் சுற்றுக்கு ஒருமுறை விழுந்தால் வளையத்தில் வெடிப்போ உடைந்த பல்லோ இருக்கிறது. டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2 மீட்டர் என்றால், 7 கிமீ வேகத்தில் நொடிக்கு ஒரு தடவை விழும். நிற்கப்போகும் கடைசி நொடியில் காரணமில்லாமல் பிரேக் பெடல் அதிர்வதும் இதன் அடையாளம்தான். இங்கே சென்சாரை மாற்றினால் பணம்தான் போகும். எப்போதும் ஒரே விகிதத்தில் கூடுதல் வேகம் காட்டும் சக்கரமா? டயர் அளவையும் காற்றையும் பாருங்கள்.

மல்டிமீட்டரை எடுக்குமுன் சென்சார் எந்த வகை என்று தெரிய வேண்டும். பழைய பாசிவ் வகை வெறும் சுருளும் காந்தமும்தான். மின்தடை பொதுவாக 800 முதல் 2500 ஓம் வரை இருக்கும். ஏசி அளவில் வைத்துச் சக்கரத்தைக் கையால் சுற்றினால் சிறு மின்னழுத்தம் எழும், வேகம் கூடக் கூட அதுவும் ஏறும். புதிய ஆக்டிவ் வகையில் ஓம் அளப்பது வீண். உள்ளே மின்னணுச் சுற்று இருப்பதால் வரும் எண்ணுக்குப் பொருள் இல்லை. அதில் கனெக்டரைக் கழற்றி, சாவி போட்டு, வண்டிப் பக்க இரு முனைகளில் ஏறக்குறைய பேட்டரி மின்னழுத்தம் வருகிறதா பாருங்கள். சுற்று திறந்திருப்பதைக் கண்டதும் சில ஏபிஎஸ் யூனிட்கள் சப்ளையை நிறுத்திவிடும். அப்போது சாவியை அணைத்துப் போட்டு உடனே அளக்க வேண்டும். சப்ளை சரி என்றால் மீட்டரைத் தொடராக இணைத்துச் சக்கரத்தை மெல்ல நகர்த்துங்கள். பரவலாக உள்ள இரு வயர் வகையில் மின்னோட்டம் 7, 14 மில்லி ஆம்பியர் என இரு படிகளுக்கு இடையே தாவும். தாவாமல் நின்றால் சென்சார் அல்லது வளையம். ஊசியால் வயர் உறையைக் குத்தி அளக்காதீர்கள். அந்த ஓட்டை வழியாக ஈரம் புகுந்து பின்னாளில் புதுக் கோளாறு வரும்.

பேரிங் மாற்றிய கையோடு விளக்கு வந்தால் வேறெங்கும் தேட வேண்டாம். ஆக்டிவ் வகையில் பெரும்பாலும் பல் வளையத்துக்குப் பதிலாகக் காந்த வளையம் பேரிங் சீலிலேயே பதிந்திருக்கும். பேரிங்கைத் திருப்பி அழுத்திவிட்டால் வளையம் சென்சாருக்கு எதிர்ப்பக்கம் போய்விடும். வெளியில் இரு பக்கமும் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் பேப்பர் கிளிப் காந்தப் பக்கத்தில் மட்டும் லேசாக ஒட்டும். சக்தி வாய்ந்த காந்தத்தை அருகே கொண்டுபோனால் வளையமே கெட்டுவிடும்.

சென்சார்தான் என்று உறுதியானால், கழற்றுவதில் அவசரம் கூடாது. போல்ட் சிறியது, பெரும்பாலும் 10 மிமீ ஸ்பானர். துருப்பிடித்த சென்சாரைச் சுத்தியலால் தட்டினால் தலை உடைந்து பிளாஸ்டிக் குழிக்குள் சிக்கும். துரு இளக்கும் எண்ணெயை ஊறவிட்டு, இடமும் வலமுமாகத் திருகி எடுங்கள். புதிதை மாட்டுமுன் குழியைப் பிரஷ்ஷால் வெறும் உலோகம் தெரியும்வரை தேயுங்கள். அறுந்த கேபிளைச் சாலிடர் வைத்து ஒட்டுவது வளையும் பகுதியில் நீடிக்காது: ஈயம் ஏறிய கம்பி விறைத்து, அதன் ஓரத்திலேயே மறுபடி முறியும். கேபிளோடு சேர்ந்த முழு சென்சாரை மாற்றி, எல்லா கிளிப்பையும் பழைய இடத்திலேயே மாட்டி, ஸ்டீயரிங்கை இரு பக்கமும் கடைசிவரை திருப்பி, கேபிள் எங்கும் இழுபடவோ டயரில் உரசவோ இல்லை என்று பார்த்த பிறகு கோட்டை அழியுங்கள். பல கார்களில் சிறிது வேகம் எடுத்து ஓட்டிய பிறகுதான் விளக்கு அணையும்.