குளிரில் செல்ஃப் இழுக்கும் வண்டி: மூன்று குளிர்காலம் தேடியது

என் பெட்ரோல் காருக்கு 18 வயது. அதில் 11 வருடம் என்னிடம். வெயில் காலத்தில் சாவியைத் திருப்பிய உடனே கிளம்பிவிடும். குளிர் வந்தால் மட்டும், செல்ஃப் அடித்ததும் ‘ர்ர்... ர்ர்... ர்ர்...’ என்று மூச்சு வாங்கும், டாஷ்போர்டு விளக்கு மங்கும், ஒருவழியாகப் பற்றிக்கொள்ளும்.

முதல் குளிர்காலத்தில் எல்லோரையும் போல பேட்டரியை மாற்றினேன். கொஞ்ச நாள் தேவலை, பிறகு பழைய கதை. அடுத்த வருடம் ஆயிலில் கை வைத்தேன். 20டபிள்யூ-50 என்ற தடித்த ரகம் ஊற்றிக்கொண்டிருந்தேன், அது குளிரில் பாகு மாதிரி. கையேட்டில் அனுமதி இருந்ததால் அதைவிட இளகிய 10டபிள்யூ-40க்கு மாறினேன். சுழற்சி சற்று வேகமானது உண்மை. ஆனாலும் இழுப்பு போகவில்லை. ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றி கார்பன் பிரஷ் பார்த்தார் மெக்கானிக். நன்றாகத்தான் இருந்தது.

மூன்றாவது வருடம்தான் மல்டிமீட்டரை எடுத்தேன். முதலிலேயே எடுத்திருக்க வேண்டும், சோம்பல். இரவெல்லாம் நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட், அதாவது முழு சார்ஜ். இன்ஜின் பற்றிக்கொள்ளாமல் சுழல மட்டும் செய்ய, பெட்ரோல் பம்ப் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, வீட்டில் ஒருவரை ஐந்து விநாடி செல்ஃப் அடிக்கச் சொன்னேன். பேட்டரி முனையில் 10.4. 9.6க்குக் கீழே இறங்கினால்தான் பேட்டரி மேல் சந்தேகப்பட வேண்டும், ஆக அது குற்றவாளி இல்லை.

பிறகு மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலிலும் மறுமுனையை இன்ஜின் பிளாக்கிலும் வைத்து மறுபடி செல்ஃப். 0.2, 0.3 வோல்ட் காட்ட வேண்டிய இடத்தில் 1.1! நெகட்டிவிலிருந்து பாடி வரை 0.1 தான். மீதி முழுவதும் பாடிக்கும் இன்ஜினுக்கும் நடுவே தொலைகிறது. அங்கே இருப்பது பின்னல் எர்த் பட்டை ஒன்று, இன்ஜினிலிருந்து பாடி வழியாக பேட்டரிக்குக் கரண்ட் திரும்பும் பாதை. வெளியே பார்க்க ஒழுங்காக இருந்தது. போல்ட்டைக் கழற்றினால் அடியில் பச்சை பூத்து, இழைகள் பாதி உதிர்ந்து கிடந்தன.

இதே பட்டையை முந்தைய வருடம் மின்தடை அளக்கும் ஓம் மீட்டரில் பார்த்து ‘சரி’ என்று விட்டிருந்தேன். 150 ஆம்பியர் ஓடும் இடத்தில் ஒரு வோல்ட் தின்ன ஏழு மில்லி ஓம் கூட வேண்டாம். சாதாரண மீட்டருக்கு அது சுழியம்தான். சுமை ஏறும்போது அளந்தால்தான் தெரியும். வெயிலில் ஏன் தப்பித்தது? இன்ஜின் லேசாகச் சுழல்வதால் கரண்ட் குறைவு, பட்டையில் இழப்பும் குறைவு. குளிரில் ஆயில் தடித்து, மோட்டார் கூடுதலாக உறிஞ்சுகிறது. பேட்டரியின் வேதிவினையும் அப்போது மந்தம். மீட்டர் இல்லாதவர்கள், பேட்டரி நெகட்டிவிலிருந்து இன்ஜினின் சுத்தமான உலோகப் பகுதிக்கு ஒரு ஜம்பர் கேபிள் மாட்டிப் பாருங்கள். சுழற்சி வேகமானால் எர்த்தில்தான் கோளாறு.

புதுப் பட்டை போட்டு, போல்ட் உட்காரும் இடத்தை உப்புத்தாளால் தேய்த்தேன். இரண்டு குளிர்காலம் ஓடிவிட்டது, இழுப்பு இல்லை.

ஒன்று பாக்கி. நான்கைந்து நாள் நிறுத்தி வைத்தால் இன்ஜின் வேகமாகச் சுழன்றாலும் பற்றிக்கொள்ள மூன்று விநாடி ஆகிறது. அது வேறு நோய். பெட்ரோல் லைனில் அழுத்தம் வடிந்துவிடுகிறது என்று நினைக்கிறேன். சாவியை இரண்டு தடவை ஆன் நிலையில் வைத்து, பம்ப் முனகி ஓய்ந்த பிறகு செல்ஃப் அடித்தால் உடனே பற்றுகிறது. இப்போதைக்கு அப்படியே ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.